தோல் புற்றுக்கு ஒளியா, கத்தியா?

செங்கதிர்
ஒளி பட்டால் மட்டும் நஞ்சாகும் சேர்மங்களால் தோல் புற்றுச் செல்களைக் கொன்றதாக ஆய்வுக்கூடங்களிலிருந்து செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. இது நேற்று முளைத்த யோசனை அல்ல. 1900இல் மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் இருந்த பரமேசியங்கள் என்ற ஒற்றைச் செல் உயிர்கள் வெளிச்சம் பட்டதும் மடிவதைக் கண்டார். அவருடைய ஆசிரியர் டாப்பைனர் 1903இலேயே இயோசின் சாயமும் ஒளியும் கொண்டு தோல் கட்டிகளுக்குச் சிகிச்சை அளித்துப் பார்த்தார். ஒரு நூற்றாண்டு கடந்த பின்பும் தோல் புற்று என்றதும் ஏன் கத்தியையே முதலில் எடுக்கிறார்கள்? இமையோரத்திலும் மூக்கு நுனியிலும் வெட்டினால் வாழ்நாள் முழுவதும் தழும்போடுதான் இருக்க வேண்டும். ஒளியே முதல் தேர்வாக வேண்டும் என்கிறேன்.

கல்வெட்டு
முற்றிலும் மறுக்கிறேன். வெட்டி எடுத்த திசுவை நுண்ணோக்கியில் வைத்து, விளிம்பில் புற்று மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். ஒளி பாய்ச்சிய இடத்தில் அப்படிச் சோதிக்க நம் கையில் திசு எதுவும் இருக்காது. மேல்தோலின் அடியடுக்கில் தோன்றும் பேசல் செல் புற்றில், கட்டியாகத் திரளும் வகைக்குக் களிம்பு தடவி ஒளி பாய்ச்சுவதையும் அறுவையையும் ஒப்பிட்ட ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குள் ஒளிக்குப் பின் 14 சதவீதம் திரும்பி வந்தது. அறுவைக்குப் பின் 4 சதவீதம். மேலோட்டமான வகைக்கு நெதர்லாந்தில் 601 பேரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஐந்தாம் ஆண்டில் புற்றின்றி இருந்தவர்கள் ஒளிச் சிகிச்சையில் 62.7 சதவீதம், ஃபுளுரோயுராசில் களிம்பில் 70, இமிகுவிமோட் களிம்பில் 80.5. வீட்டிலிருந்தே தடவிக்கொள்ளும் களிம்புகளிடமே ஒளி பின்தங்கியிருக்கிறது.

செங்கதிர்
நீங்கள் சொன்ன அறுவை ஒப்பீட்டிலேயே இன்னொரு முடிவும் இருக்கிறது. தோலின் தோற்றம் நன்றாக அல்லது மிக நன்றாக இருந்தது ஒளி பெற்றவர்களில் 87 சதவீதம் பேருக்கு; அறுவை செய்துகொண்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு மட்டுமே. பேசல் செல் புற்று உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவது மிக அரிது. அப்படியிருக்க, முகத்தைக் காப்பதும் மருத்துவத்தின் கடமைதானே?

நெய்தல்
வேதியியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இந்தச் சிகிச்சையில் தடவுவது பெரும்பாலும் அமினோலெவுலினிக் அமிலம் அல்லது அதன் மெத்தில் எஸ்டர். அது நேரடியாக எதையும் கொல்வதில்லை. செல் அதைக் கொண்டு ஒளியை உறிஞ்சும் புரோட்டோபோர்பிரின் என்ற பொருளை உண்டாக்குகிறது. புற்றுச் செல்லில் அது கூடுதலாகத் தேங்குகிறது. அதன் மேல் ஒளி படும்போது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜன் கடும் வினைத்திறன் பெற்ற சிங்லெட் ஆக்சிஜனாக மாறுகிறது. அது செல்லுக்குள் ஒரு மைக்ரோமீட்டர் தூரம்கூடப் போகாது, பிறந்த இடத்திலேயே எரித்துவிட்டு அடங்கிவிடும். இந்த முறையின் அழகும் வரம்பும் அதில்தான் இருக்கின்றன.

புரோட்டோபோர்பிரின் மிக அதிகமாக உறிஞ்சுவது 410 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை. ஆனால் நீலம் தோலுக்குள் ஆழமாக இறங்காது. 635 நானோமீட்டர் சிவப்பு இறங்கும், அதுவும் சில மில்லிமீட்டர்தான். மருந்தும் கட்டியின் அடிவரை ஊற வேண்டும். ஆக்சிஜனும் அங்கே இருக்க வேண்டும். ஒளியை வேகமாகப் பாய்ச்சினால் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து வினை நின்றுவிடுகிறது. தடித்த கட்டிகளில் மேற்பகுதியைச் சுரண்டிவிட்டுக் களிம்பு இடுவது இதனால்தான். திரும்பி வருபவற்றில் பல அடியில் தப்பியவை என்பது என் கணிப்பு.

தென்றல்
எனக்குக் கெண்டைக்காலில் போவன் நோய் வந்தது. புற்று இன்னும் மேல்தோலைத் தாண்டாத நிலை. முழங்காலுக்குக் கீழே வெட்டினால் புண் ஆற நாளாகும் என்பதால் ஒளிச் சிகிச்சையைத் தேர்ந்தார்கள். இடம் நன்றாக ஆறியது, அதற்கு நன்றியோடு இருக்கிறேன். ஆனால் வலியைப் பற்றி யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. விளக்கை ஏற்றியதும் கொதிக்கும் எண்ணெய் தெறித்தது போலிருந்தது. குளிர்காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள், பாதியில் நிறுத்தி மீண்டும் தொடங்கினார்கள். கத்தி இல்லை என்றால் வேதனையும் இல்லை என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

கல்வெட்டு
தென்றல், இதை எழுதியதற்கு நன்றி. நோயாளிகள் முன்கூட்டியே அறிய வேண்டியது இதுதான்.

செங்கதிர், எனக்குக் கோபம் வருவது உங்கள் முதல் வரியில். "தோல் புற்றுச் செல்கள்" என்று பொதுவாகச் சொன்னால் படிப்பவர் மனத்தில், நிறமிச் செல்களில் தோன்றி வேகமாகப் பரவக்கூடிய மெலனோமா புற்றும் சேர்ந்துகொள்கிறது. அந்தச் செல்களின் நிறமியான மெலனின் ஒளியை விழுங்குகிறது. உருவாகும் சிங்லெட் ஆக்சிஜனையும் தணிக்கிறது. ஆய்வுக்கூடத் தட்டில் செல்கள் ஒற்றைப் படலமாகப் பரவியிருக்கும், ஆக்சிஜனுக்குக் குறைவிருக்காது, விளக்கு நேர் மேலே எரியும். அங்கே மெலனோமா செல்கள் செத்தன என்ற செய்தியை நம்பி ஒருவர் அறுவையைத் தள்ளிப்போட்டால், அதற்குள் அது நிணநீர்க் கணுவுக்குப் போய்விடலாம். மேல்தோலின் செதிள் போன்ற செல்களில் தோன்றி, அதன் அடிச்சவ்வைத் துளைத்து உள்ளே இறங்கிய செதிள் செல் புற்றுக்கும் இந்த ஒளிச் சிகிச்சையைப் பரிந்துரைப்பதில்லை.

செங்கதிர்
மெலனோமா நோயாளி யாரும் அறுவையைத் தவிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் சேர்மத்தின் குறையை ஒளியின் குறையாக்காதீர்கள். வேதியியலாளர் பீட்டர் சாட்லரின் குழு உருவாக்கிய பிளாட்டினம் அசைடு சேர்மங்கள் ஆக்சிஜன் இல்லாத இடத்திலும் ஒளியால் கிளர்ந்து வேலை செய்யக்கூடியவை. ஆய்வாளர் ஹிசாடகா கோபயாஷி, புற்றைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளோடு ஐஆர்700 என்ற ஒளி உறிஞ்சும் சாயத்தைப் பிணைத்தார். 690 நானோமீட்டர் ஒளியில் அது செல்லின் சவ்வையே உடைக்கிறது. தலை, கழுத்துப் புற்றுக்கு ஜப்பான் 2020இல் அதற்கு அனுமதி தந்தது. இந்தத் துறை நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

கல்வெட்டு
நகரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் நீங்கள் காட்டிய அனுமதி தோல் புற்றுக்கு இல்லை. பிளாட்டினம் சேர்மங்கள் தோல் புற்று நோயாளிகளிடம் அறுவைக்கு ஈடென்று நிரூபிக்கப்படவும் இல்லை. கட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே அங்கே ஒளி பாய்ச்ச முடியும்? மெலனோமா ஆளைக் கொல்வது நமக்குத் தெரியாத இடத்துக்குப் பரவுவதால்.

நெய்தல்
இதில் கல்வெட்டு பக்கம் நிற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. தட்டுச் சோதனை வீண் அல்ல. எதைச் சோதித்தார்கள் என்பதே கேள்வி. நிறமி உள்ள செல்களில் பார்த்தார்களா? முப்பரிமாண உருண்டையாக வளர்த்துப் பார்த்தார்களா? ஆக்சிஜனைக் குறைத்தார்களா? இருளில் அந்தச் சேர்மம் எவ்வளவு நஞ்சு? இந்த நான்கும் இல்லாத கட்டுரையை நான் சிகிச்சைச் செய்தியாகப் பகிர மாட்டேன்.

செங்கதிர்
சரி, என் கோரிக்கையைக் குறுக்கிச் சொல்கிறேன். போவன் நோய், மெல்லிய மேலோட்டமான பேசல் செல் புற்று, வெயிலால் வரும் சொரசொரப்பான, புற்றுக்கு முந்தைய திட்டான ஆக்டினிக் கெரட்டோசிஸ் ஆகிய மூன்றுக்கும் மருத்துவர் கத்தியைப் பற்றிப் பேசும்போதே ஒளியைப் பற்றியும் பேச வேண்டும். இதையும் மறுப்பீர்களா?

கல்வெட்டு
மறுக்க மாட்டேன். கூடவே திரும்பி வரும் விகிதத்தையும் வலியையும் சொல்லட்டும். மூன்று மாதம் கழித்து அந்த இடத்தைப் பார்த்து, சந்தேகமிருந்தால் திசு எடுத்துச் சோதிக்கட்டும். அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் வந்து காட்ட முடியாதவருக்கு நான் கத்தியைத்தான் சொல்வேன்.

தென்றல்
வந்து காட்டுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. அடுத்த முறை மரப்பு ஊசி கேட்பேன்.