ஹெட்ரெஸ்டும் கழுத்து அடியும்: வேலையில் அடிக்கடி பார்ப்பவை

சீட் கவர், உள்வேலை செய்பவர்:

சீட் கவர் மாற்ற வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஹெட்ரெஸ்ட் அடிமட்டத்தில்தான் அமுங்கி இருக்கும். ஷோரூமிலிருந்து பாலிதீன் உறையோடு எப்படி வந்ததோ, அப்படியே. உயரமான ஆள் உட்கார்ந்தால் அதன் மேல் விளிம்பு பிடரிக்குத்தான் வரும். பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் தலை அந்த விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் மடங்கிவிடும்.

சரிபார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வழக்கமாக ஓட்டுகிறபடி உட்காரட்டும், இன்னொருவர் கதவைத் திறந்து பக்கவாட்டில் நின்று பார்க்கட்டும். ஹெட்ரெஸ்டின் உச்சி தலையின் உச்சிக்குச் சமமாக இருப்பதே நல்லது. குறைந்தது காதின் மேல்நுனி வரையாவது வர வேண்டும். அமெரிக்காவில் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐஐஎச்எஸ் அமைப்பு "நன்று" என்று தரம் கொடுக்க வைத்த அளவு இது: உச்சந்தலைக்குக் கீழே 6 செ.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது, தலைக்குப் பின்னால் இடைவெளி 7 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் ஏறக்குறைய அந்த இடைவெளிதான்.

உயர்த்துவதற்குப் பெரும்பாலான வண்டிகளில் பட்டனை அழுத்த வேண்டாம், இரண்டு கையாலும் நேராக இழுத்தால் போதும். இறக்கத்தான் பட்டன். உயர்த்திய பிறகு மேலிருந்து ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கிப் பாருங்கள். இறங்கினால் கம்பியில் உள்ள வெட்டில், அதாவது காடியில், பூட்டு விழவில்லை என்று அர்த்தம். காடி பல மாடல்களில் ஒரு கம்பியில்தான் இருக்கும். கழற்றி மாட்டும்போது ஹெட்ரெஸ்டைத் திருப்பிப் போட்டால் காடியுள்ள கம்பி பூட்டு இல்லாத குழாய்க்குள் போய்விடும். கடைகளில் அவசரத்தில் நடக்கும் தப்பு இது. கவர் மாட்டி முடித்ததும் பட்டன் துணிக்கு அடியில் புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புதைந்திருந்தால் அந்த இடத்தில் வெட்டித் தைக்கச் சொல்லுங்கள்.

பிசியோதெரபிஸ்ட்:

அண்ணா சொன்ன இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சேர்க்கிறேன். பெரியவர்களின் தலை எடை சுமார் 4.5 முதல் 5 கிலோ. பின்னால் இடி விழும்போது சீட்டின் முதுகு உடம்பை முன்னே தள்ளுகிறது, தலை மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அந்த நேரத்தில் கழுத்தின் கீழ் எலும்புகள் பின்னோக்கியும் மேல் எலும்புகள் முன்னோக்கியும் வளைகின்றன. எலும்புகளைப் பின்புறம் இணைக்கும் சிறு மூட்டுகளும் தசைநார்களும் இழுபடுவது இங்கேதான். ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடிக்குள் இது நடந்துவிடும், உஷாராகிக் கழுத்தை இறுக்க நேரமே கிடைக்காது. ஹெட்ரெஸ்ட் ஒட்டி இருந்தால் தலையும் உடம்பும் சேர்ந்தே நகரும். தள்ளி இருந்தால் வளைந்து முடிந்த பிறகுதான் தாங்கும்.

டோல்கேட் வரிசையிலும் சிக்னலிலும் மெதுவாக வந்து இடித்ததற்கே கழுத்து வலியோடு வருபவர்கள் உண்டு. பம்பரில் கீறல் மட்டும் என்றால் "ஒன்றும் ஆகவில்லை" என்று போய்விடுகிறார்கள். வலியும் இறுக்கமும் அன்று இரவோ மறுநாளோதான் தெரியும். கை மரத்தல், கையில் வலு குறைதல், கழுத்தின் நடு எலும்பைத் தொட்டால் வலி, கழுத்தை இரு பக்கமும் 45 டிகிரி திருப்ப முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தை அசைக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். எலும்பு முறிவு இல்லை என்று டாக்டர் உறுதி செய்துவிட்டால், வாரக்கணக்கில் கழுத்துப் பட்டை (காலர்) போட்டுக்கொண்டு இருப்பது நல்லதல்ல. மெல்ல மெல்ல அசைக்கத் தொடங்குவதுதான் குணமாக்கும்.

ஓட்டுநர் பயிற்சி கொடுப்பவர்:

"ஹெட்ரெஸ்ட் தலையை முன்னால் தள்ளுது சார்" என்று சொல்லி அதைத் திருப்பிப் போடுகிறவர்கள் நிறைய. திருப்பினால் இடைவெளி பல செ.மீ. கூடிவிடும், பூட்டும் போய்விடலாம். புது வண்டிகளில் அது தலைக்கு நெருக்கமாக வருவது வேண்டுமென்றே வைத்தது. அமெரிக்கச் சட்டத்தில் முன் சீட்டுக்கு இடைவெளி 55 மி.மீ. வரைதான் அனுமதி. உறுத்தினால் சீட் முதுகை ஒரு கிளிக் மட்டும் சாயுங்கள். அதற்காக ஈஸிசேர் மாதிரி சாய்த்துவிட்டால் தலைக்கும் ஹெட்ரெஸ்டுக்கும் நடுவே ஒரு முழங்கையே நுழையும்.

பெண்களுக்கு இந்தப் பிரச்சினை பெரும்பாலும் கொண்டையாலும் முடிக்குப் போடும் கிளச் கிளிப்பாலும் வருகிறது. கிளிப் சரியாகப் பின்தலையின் நடுவில் உட்காரும், தலை முன்னே சாயும், ஹெட்ரெஸ்ட் மேல் கோபம் வரும். ஓட்டும்போது பின்னலாகவோ தாழ்த்திய முடிச்சாகவோ போட்டால் தீர்ந்தது.

கம்பியில் எலாஸ்டிக் மாட்டித் தொங்கும் கழுத்துத் தலையணையை நான் அனுமதிப்பதில்லை. அது கழுத்தை முன்னே தள்ளும், தலைக்குப் பின்னால் வெற்றிடம் கூடும்.

சீட் கவர், உள்வேலை செய்பவர்:

பின் சீட்டை யாரும் சொல்லவில்லையே. பின்கண்ணாடி மறைக்கிறது என்று அங்கே ஹெட்ரெஸ்டை இறக்கியே வைத்திருப்பார்கள். எல் வடிவத்தில் சீட் மேல் கவிழ்ந்து உட்காரும் வகை இறங்கிய நிலையில் முதுகில் குத்தும். தூக்கிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று உணர்த்தவே அப்படி வடிவமைக்கிறார்கள். குத்துகிறது என்று கழற்றி டிக்கியில் போட்டுவிடாதீர்கள்.

ஹெட்ரெஸ்ட் குழந்தை சீட்டை முன்னே தள்ளினால் மட்டும், அந்த சீட்டின் கையேடு அனுமதித்தால், கழற்றலாம். கழற்றியதைப் பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகை மேல் வைக்க வேண்டாம், பிரேக் அடித்தால் பறந்து வரும். குழந்தை சீட்டை எடுத்த அன்றே திரும்ப மாட்டிவிடுங்கள்.

இன்னொன்று. "தண்ணீரில் மூழ்கினால் கண்ணாடியை உடைக்கத்தான் ஹெட்ரெஸ்டைக் கழற்றும்படி செய்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய். உயரம் மாற்றவும், சீட்டை மடக்கவும், துவைக்கவும்தான் அது கழலும். கம்பி முனை மழுங்கலாக இருக்கும். இரண்டு அடுக்கு ஒட்டுக் கண்ணாடி பக்கக் கதவில் இருந்தால் எதனாலும் சுலபத்தில் உடையாது. பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை இறக்கி வெளியேறப் பாருங்கள். பவர் விண்டோ வேலை செய்வது முதல் சில நொடிகளுக்குத்தான் நிச்சயம்.

இன்சூரன்ஸ் சர்வேயர்:

பின்னால் இடி வாங்கிய வண்டியில் டிக்கியை மட்டும் பார்த்து எஸ்டிமேட் போடுகிறார்கள். முன் சீட்டையும் பாருங்கள். ஹெட்ரெஸ்ட் கம்பி வளைந்திருக்கிறதா, கம்பி நுழையும் பிளாஸ்டிக் குழாய் (ஸ்லீவ்) விரிசல் விட்டிருக்கிறதா, இரண்டு முன் சீட்டின் முதுகும் ஒரே கோணத்தில் நிற்கிறதா என்று பக்கத்தில் நின்று ஒப்பிடுங்கள். இடியின்போது தானாக முன்னே வரும் ஹெட்ரெஸ்ட் வகைகளும் உண்டு. சாப் (Saab) கார் கம்பெனி 1997-லேயே கொண்டுவந்தது, வால்வோ 1998-ல் சீட் முதுகையே பின்னே நகரவிடும் அமைப்பைப் போட்டது. இத்தகைய சீட் ஒரு முறை வேலை செய்துவிட்டால் கையேட்டில் சொன்னபடி பழைய நிலைக்குக் கொண்டுவரவோ பாகம் மாற்றவோ வேண்டும். வளைந்த கம்பியைத் தட்டி நிமிர்த்தி மாட்டுவதை ஏற்காதீர்கள். புது ஹெட்ரெஸ்டும் ஸ்லீவும் கிளெய்மில் தனி வரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.