புதுப்பிப்பு: பதற்றத்தோடு ஓட்டுபவர்களுக்கான நெடுந்தூர வழி

பயமிருந்தால் நெடுஞ்சாலையைத் தவிர்த்து உட்சாலையில் போகலாம் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். நடுத்தடுப்பு இல்லாத சாலையில்தான் முந்துவது, எதிரே கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, குறுக்கே திரும்பும் வண்டி என்று பதற்றம் கூடும். தடுப்புள்ள நெடுஞ்சாலையில் கடினமான வேலை, உள்ளே சேரும் அந்தச் சில நொடிகள்தான். நெடுஞ்சாலைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் இணைப்புத் தடத்திலேயே வேகத்தைக் கூட்டிவிடுங்கள். அந்தத் தடத்தின் முனையில் போய் நின்றுவிட்டால், நின்ற இடத்திலிருந்து வேகம் பிடிக்க மிகப் பெரிய இடைவெளி கிடைக்க வேண்டும்.

மேப் செயலி சில நிமிடங்களை மிச்சப்படுத்தக் குறுகிய சாலைக்குள் இழுத்துவிடும். வேண்டிய சாலையில் ஓர் இடைப்புள்ளி (வழியில் கடக்க வேண்டிய இடம்) வையுங்கள். அது நீங்கள் போகும் பக்கத்திலேயே இருக்கட்டும். எதிர்ப்பக்கம் விழுந்தால் யூ-டர்ன் எடுக்கச் சொல்லும். மேப்பை முன்பே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் போனால் எவ்வளவு தாமதம் என்று கேட்டிருந்தீர்கள். 300 கி.மீ. தூரத்துக்கு 100 கி.மீ. வேகத்தில் 3 மணி நேரம், 80-இல் 3 மணி 45 நிமிடம். அந்த முக்கால் மணியைத் தாராளமாகக் கொடுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிட ஓய்வையும் கணக்கில் சேருங்கள்.

வெளியேறும் வழியைத் தவறவிட்டால் ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. அடுத்த வெளியேற்றம் வரை நேராகப் போங்கள். செயலி புது வழி காட்டும்.