டாங்கோ பாட்டுகளில் ஏன் இவ்வளவு சேறும் தெருமூலையும்?

வட்டக்கச்சிப் பொடியன்:
கொஞ்ச நாளாக இரவில் அர்ஜென்டினாவின் டாங்கோப் பாட்டுகள் கேட்கிறேன், ஆட்டத்தை விட வரிகள்தான் பிடித்துக்கொண்டன. ஹோமெரோ மான்சி எழுதி அனிபால் த்ரொய்லோ இசையமைத்த 'சூர்' 1948இல் வந்தது. புவனஸ் அயர்ஸின் தெற்கே சான் உவான், போயெதோ தெருக்கள் சந்திக்கும் மூலையில் தொடங்கி, பொம்பேயா, அதற்கப்பால் வெள்ளம், கொல்லன் பட்டறை, சேறு என்று போகிறது. இதில் அழகாக என்ன இருக்கு? நாங்கள் ஊரைப் பாடினால் வயல், குளம், கோயில் தாண்டுவதில்லை. இவர்கள் மட்டும் ஏன் சேற்றுக்கு உருகுகிறார்கள்?

முறிகண்டிக் கச்சான்:
தம்பி, அது நகரத்தின் விளிம்பு. இத்தாலி, ஸ்பெயின் என்று கப்பலில் வந்து இறங்கிய சனமும் உள்நாட்டுக் கிராமத்துச் சனமும் கலந்து குடியேறிய பகுதிகள் அவை. பொம்பேயா ஆற்றோரப் பள்ளம், மழைக்கு வெள்ளம் வரத்தான் செய்யும். மான்சியே அந்த நகரத்தில் பிறந்தவர் இல்லை, 1907இல் வடக்கே தொலைவில் அஞ்ஞாத்துயாவில் பிறந்து சின்ன வயதில் வந்தவர். வந்து குடியேறினவன்தான் எந்த மூலையில் என்ன கடை என்று மறக்காமல் வைத்திருப்பான். உம்முடைய வட்டக்கச்சியும் குடியேற்றத் திட்டத்தில் வந்த ஊர்தானே, அப்புவிடம் கேட்டுப் பாரும்.

ஒட்டுசுட்டான் அக்கா:
இதே இருவரின் 1942ஆம் ஆண்டுப் பாட்டு 'பர்ரியோ தே டாங்கோ'வையும் கேளுங்கோ. குட்டையில் தவளை கத்துது, நாய் நிலவைப் பார்த்துக் குரைக்குது, ரயில் போகுது. தவளைக்கும் நாய்க்கும் எங்களிடம் குறைவில்லை, ரயில்தான் இல்லை. 1990இல் போரால் யாழ்தேவி ரயில் நின்ற பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்கு மேல் போய்விட்டன, வெறும் ரயில்பாதை மேட்டில் நாங்கள் சைக்கிள் ஓடினோம். 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்ப ரயில் வந்தபோது எல்லோரும் பார்க்கப் போனார்கள், நானும் போனேன், சந்தோஷம்தான், ஆனால் எனக்கு அந்த வெறும் மேடு தேவைப்பட்டது. இதை வீட்டில் சொன்னால் பேச்சு விழும்.

புதுக்குடியிருப்பு மெக்கானிக்:
அக்கா சொன்னது சரி, ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. காத்துலோ காஸ்தீஜோ எழுதின 'தின்தா ரோகா' பாட்டு (1941) செங்கல் மதிலையும் சிவப்புத் தபால்பெட்டியையும் சொல்லிவிட்டு, என் குழந்தைப் பருவத்தை யார் திருடினது என்று கேட்குது. அங்கே நகரம் வளர்ந்து பழையதை விழுங்கினது, அதனால் அந்தக் கேள்வியை அழகாகக் கேட்கலாம். எங்களுக்கு விடை தெரியும், ஆகவே பாட்டு வேறு மாதிரித்தான் வரும்.

மற்றது, தம்பி, கொல்லன் பட்டறையில் என்ன அழகு என்று கேட்டீர். போர்க்காலத்தில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது எங்கட சந்திக் கடையில் மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட விட்டோம். சூப்பிப் போத்தலால் காபரேற்றருக்குள் துளி பெற்றோல் விட்டு ஒரு உதை, வெள்ளைப் புகை கிளம்பி சந்தி முழுக்க மணக்கும், சனம் இருமிக்கொண்டே ஏசும். சைக்கிள் டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ கேட்டோம். கஷ்டகாலம், திரும்ப வரவே வேண்டாம். ஆனாலும் அந்தப் புகையைப் பற்றி ஒருத்தன் பாட்டு எழுதினால் முதல் ஆளாகக் கேட்பேன்.

வட்டக்கச்சிப் பொடியன்:
அண்ணை, அந்தச் சூப்பிப் போத்தல் கதையைத் தனியாக விரிவாக எழுதுங்கோ. அக்கா, 'சூர்' கேட்பதென்றால் த்ரொய்லோ குழுவோடு எட்முந்தோ ரிவேரோ பாடின பதிவைத் தேடுங்கோ, அந்தக் கட்டைக் குரல்தான் பொருத்தம்.