டேனரிக் கழிவுநீர் பாய்ந்த மண்ணுக்குப் பயோசார் (மண்ணில் கலக்கும் கரி): ஏக்கருக்கு எவ்வளவு?

கேள்வி:
வாணியம்பாடி பக்கம், பாலாற்றை ஒட்டி 1 ஏக்கர். முன்பு தோல் பதனிடும் டேனரிக் கழிவுநீர் பாய்ந்த மண். பரிசோதனையில் குரோமியம் இருக்கு, பி.எச். 8.4, உப்பும் அதிகம். வேலிகாத்தான் கரி போட்டால் சரியாகுமா? எவ்வளவு போடணும்?

பதில் 1:
ரிப்போர்ட்டில் இருப்பது மொத்த குரோமியமா, ஆறு இணைதிறன் குரோமியமா? தோல் பதனிடப் போடுவது குரோமியத்தின் இன்னொரு வடிவமான மூன்று இணைதிறன் உப்பு. உங்க பி.எச்.சில் அது மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். ஆறு இணைதிறன் குரோமியம்தான் நீரோடு ஓடி வேருக்கும் கிணற்றுக்கும் போகும். அதிக நச்சும் அதுதான். கரி அதை மூன்று இணைதிறனாக மாற்றிப் பிடித்து வைக்கும், அவ்வளவே. மொத்த குரோமியம் ஒரு கிராம்கூடக் குறையாது. கார மண்ணில் இந்த மாற்றமும் மெதுவாகத்தான் நடக்கும்.

மேல் 15 செ.மீ. மண் ஏக்கருக்குச் சுமார் 800 டன். 1 சதவீதம் என்றால் 8 டன் கரி. குழியில் சுட்டால் காய்ந்த விறகில் கால் பங்கு தேறினாலே பெரிசு, அதாவது குறைந்தது 32 டன் விறகு! முதலில் 5 சென்டில் 400 கிலோ போடுங்க, பக்கத்து 5 சென்டைச் சும்மா விட்டு ஒப்பிடுங்க.

பதில் 2:
கரி சுடக் கூம்புக் குழி வெட்டுங்க, வாய் 1.5 மீட்டர், ஆழம் 80 செ.மீ. மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் விறகு வேண்டாம், உள்ளே வேகாது. மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கைப் போடணும். தாமதித்தால் கரி சாம்பலாகும், சாம்பல் பி.எச்.சை இன்னும் ஏற்றும். உப்பு போர்வெல் தண்ணீரில் அணைக்காதீங்க, அந்த உப்பு கரிக்குள்ளேயே தங்கிவிடும். ஈரத்தோடு நொறுக்கி 2 மி.மீ. சல்லடையில் சலிங்க, தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிறகு சம அளவு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து 3 வாரம் ஈரமாக வையுங்க. பச்சைக் கரியாகப் போட்டால் தழைச்சத்தை அதுவே இழுத்துக்கொள்ளும், முதல் பயிர் மஞ்சளாகும்.

பதில் 3:
மண் உப்பில் உள்ள சோடியத்துக்குக் கரி மருந்தல்ல. ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடிக்கணும். ஆனால் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும்போது வடித்தால் அதுவும் சேர்ந்து கிணற்றுக்கு இறங்கும். கரியும் எருவும் முதலில், மறுபடி சோதனை, அதற்குப் பிறகே ஜிப்சம். அதுவரை கீரை போடாதீங்க.

கேட்டவர்:
ரிப்போர்ட்டில் மொத்தம் மட்டும்தான் இருக்கு.

பதில் 1:
அப்போ ஆறு இணைதிறன் சோதனைக்கு மண் மாதிரி மறுபடி எடுக்கணும். 0-15, 15-30 செ.மீ. தனித்தனியாக, பிளாஸ்டிக் கரண்டியால். குரோம் பூசிய கருவி கூடாது. வெயிலில் காயவைக்காமல் ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்க. காய்ந்தால் அளவே மாறிவிடும்.