தாத்தா படத்தையும் பாட்டி படத்தையும் கிம்ப்பில் ஒன்றாகச் சேர்ப்பது எப்படி?

வைகைக்கரை:
வணக்கம். தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. தாத்தாவுடையது ஸ்டூடியோவில் எடுத்த பழைய கருப்பு வெள்ளைப் படம், பாட்டியுடையது ஒரு கல்யாண மண்டபத்தில் போனில் எடுத்த கலர் படம். ரெண்டையும் சேர்த்து ஒரே ஃபிரேமாக மாட்ட வேண்டும் என்று அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை. கிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஒப்பாசிட்டியை, அதாவது படம் தெரியும் அழுத்தத்தை, குறைத்துப் பார்த்தேன், இருவருமே ஆவி மாதிரி தெரிகிறார்கள். நடுவில் கோடு தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல வர என்ன செய்வது? இன்னொன்று, தாத்தாவுக்கு வெளிச்சம் படத்தின் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது, பாட்டிக்கு வலப்பக்கத்திலிருந்து. பாட்டி படத்தைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பிவிடலாமா?

ஒளிப்பெட்டி:
ஒப்பாசிட்டியைக் குறைத்தால் ஒரு லேயர் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய படங்களில் ஒரு அடுக்கு) முழுவதும் ஒரே அளவில்தான் மங்கும், உங்களுக்கு வேண்டியது லேயரில் வேண்டிய இடத்தை மட்டும் மறைக்கிற லேயர் மாஸ்க். முதலில் தாத்தா படத்தைத் திறந்து இமேஜ் மெனுவில் கேன்வாஸ் சைஸ் போய் வலப்பக்கம் இடம் கூட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் ஃபைல் மெனுவில் ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் கொடுத்து பாட்டி படத்தைக் கொண்டுவாருங்கள், அது தனி லேயராக வந்து நிற்கும். அதன்மேல் ரைட் கிளிக் செய்து ஆட் லேயர் மாஸ்க், அதில் வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கருப்பு பூசிய இடம் மறையும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். ஓரம் மெத்தென்று இருக்கிற பெரிய பிரஷ்ஷால் மண்டபத்துப் பின்னணியை மறைத்துக்கொண்டே வாருங்கள். தவறிப்போய் தோளை அழித்துவிட்டாலும் கவலை வேண்டாம், வெள்ளையால் பூசினால் திரும்ப வந்துவிடும். இரேசர் மட்டும் வேண்டாம்.

வைகைக்கரை:
நன்றிங்க. ஆனால் பூசினால் பின்னணி மறையவில்லை, பாட்டியின் புடவைமேல் கருப்பு மைதான் விழுகிறது.

ஒளிப்பெட்டி:
லேயர்ஸ் பலகையில் பாட்டி படத்தின் சின்ன உருவம் இருக்கும், அதை ஒட்டியே வெள்ளையாக மாஸ்க்கின் கட்டம் இருக்கும். இப்போது படம்தான் தேர்வாகியிருக்கிறது. கன்ட்ரோல் இசட் அடித்து மையை எடுத்துவிட்டு, அந்த வெள்ளைக் கட்டத்தை ஒருமுறை கிளிக் செய்துவிட்டுப் பூசுங்கள்.

கருப்புவெள்ளை:
தயவுசெய்து பாட்டியைத் திருப்பாதீர்கள். முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறிவிடும், தினமும் அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது வேறு யாரோ மாதிரி இருக்கும். உங்களுக்கு அமைந்திருக்கிற வெளிச்சம் உண்மையில் நல்லதுதான். தாத்தாவை இடப்பக்கமும் பாட்டியை வலப்பக்கமும் வைத்தால் இருவரின் நிழல் பக்கமும் நடுவில் வரும், இணைப்பு அந்த நிழலுக்குள் மறைந்துவிடும். இரண்டுக்கும் கீழே ஒரு புது லேயர் போட்டு, கலர் பிக்கரால் தாத்தா படத்தின் ஸ்டூடியோத் திரையில் ஒரு இடத்தைத் தொட்டு அந்த நிறத்தை நிரப்புங்கள், தாத்தா லேயருக்கும் ஒரு மாஸ்க் போட்டு அதன் வலது ஓரத்தை அதற்குள் கரைத்துவிடலாம்.

மாஸ்க்கில் உட்காரும் முன் இரண்டு படத்தையும் ஒரே ஜாதியாக்குவதுதான் பெரிய வேலை, அதைச் செய்யாமல் ஓரத்தை எவ்வளவு நேர்த்தியாகக் கரைத்தாலும் ஒட்டுப்போட்டது தெரியத்தான் செய்யும். இரண்டு லேயரையும் டீசாச்சுரேட் செய்யுங்கள், அதாவது கலரை எடுத்துவிடுங்கள். பழைய படத்தில் முழுக் கருப்பு என்று ஒன்று இருக்காது, வெளிறிப்போயிருக்கும். அதனால் பாட்டி லேயரில் வெளிச்சம் இருட்டைச் சரிசெய்யும் கர்வ்ஸைத் திறந்து கோட்டின் இடது முனையைக் கொஞ்சம் மேலே தூக்கி, தாத்தாவின் தலைமுடிக் கருப்பும் பாட்டியின் தலைமுடிக் கருப்பும் ஒத்துப்போகும்வரை நகர்த்துங்கள். போன் படம் மழுமழுவென்று இருக்கும், பழைய பிரிண்டில் மணல்மணலாகத் தெரியும். ஃபில்டர்ஸில் நாய்ஸ் பகுதியில் ஆர்ஜிபி நாய்ஸ் இருக்கிறது, இன்டிபென்டென்ட் ஆர்ஜிபி டிக்கை எடுத்துவிட்டு மிகக் குறைவாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் கலர் புள்ளிகள் வந்துவிடும். தலை அளவை ஒப்பிடும்போது கண்ணிலிருந்து தாடை வரையுள்ள தூரத்தைப் பாருங்கள், கொண்டை ஏமாற்றும்.

பிரிண்ட் 8க்கு 10 இன்ச் என்றால் 300 பிபிஐ (இன்ச்சுக்கு 300 பிக்சல்) கணக்கில் 3000க்கு 2400 பிக்சல் வேண்டும், அகலவாக்கில். மாட்டியிருக்கும் தாத்தா படத்தை போனில் படம் பிடித்து வைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள், அசல் படத்தை ஃபிரேமிலிருந்து கழற்றி கடையில் 600 டிபிஐயில் (இன்ச்சுக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து வாங்கிவந்து அதில் ஆரம்பியுங்கள். வேலையை கிம்ப்பின் சொந்த ஃபைல் வகையான எக்ஸ்சிஎஃப் ஆகச் சேமியுங்கள், கடைக்குக் கொடுக்க மட்டும் ஜேபெக் எக்ஸ்போர்ட்.