“இதே மாதிரி வேணும்”: ஏஜென்சிக்காரர்களின் ஸ்கிரீன்ஷாட் அனுபவங்கள்

நாகர்கோவிலில் ஒரு சின்ன டிசைன், மார்க்கெட்டிங் ஏஜென்சியில் இருக்கிறேன். ஐடியா எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பலரும் பின்ட்ரெஸ்ட், பிஹான்ஸ் மாதிரி டிசைன் படத் தளங்கள், மழை, டீ என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரும்பாலும் கஸ்டமரின் வாட்ஸ்அப்பிலிருந்து ஸ்கிரீன்ஷாட்டாக வருகிறது, கூடவே “இதே மாதிரி வேணும் சார்” என்று ஒரு வரி. இதை வைத்து மீம் போடுவது நம் தொழிலில் ஒரு பொழுதுபோக்கு, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் எந்த இடம் பிடித்தது என்று கேட்டால் வரும் பதிலில்தான் பல தடவை எங்கள் வேலையே கிடைத்திருக்கிறது. பின்ட்ரெஸ்டில் ஒன்றைச் சேமித்தால் அதே சாயலில் நூறைக் காட்டும். நமக்குக் காட்டியதையே ஊரில் எல்லா டிசைனருக்கும் காட்டும். கஸ்டமர் அப்படியில்லை.

மார்த்தாண்டம் பக்கம் தேன் விற்கும் ஒரு அண்ணாச்சி. அவர் அனுப்பியது ஏதோ வெளிநாட்டுத் தேன் பாட்டில், கறுப்பு லேபிள், தங்க எழுத்து. எங்கள் பையன் ஒருவன் கறுப்பும் தங்கமுமாகவே சில மாதிரிகள் போட்டான். அண்ணாச்சிக்கு எதுவும் பிடிக்கவில்லை, ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் நேரில் போய் உட்கார்ந்து, அந்தப் படத்தில் உங்களுக்கு என்ன பிடித்தது என்று கேட்டோம். “கறுப்பா? அத யாரு கேட்டா? அந்தப் பாட்டில்ல தேனு வெளிய தெரியுதுல்லா, லேபிளு கொஞ்சம்தானே இருக்கு.” விஷயம் என்னவென்றால், அவர் எந்த வீடியோ போட்டாலும் கீழே வந்து “இது சர்க்கரைப் பாகு”, “தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாருங்க”, “எறும்பு வருதான்னு பாருங்க” என்று எழுத ஒரு கூட்டமே இருக்கிறது. (இந்த வீட்டுச் சோதனைகள் எதையும் நம்ப முடியாது, கலப்படம் தெரிய ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அதைக் கமெண்டில் சொல்லி ஜெயித்தவர் யாருமில்லை.) ஆகவே அவருக்கு வேண்டியிருந்தது ஒளிக்க ஒன்றுமில்லாத ஒரு பாட்டில், அவ்வளவுதான்.

பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றும் சொன்னார். இந்தப் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டத்துத் தேன், அதுவும் பூவிலிருந்து வருவதில்லை. மரம் இலையை உதிர்த்து, ஜனவரிக்கு மேல் புதுத் தளிர் விடும்போது இலைகள் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் கசியும், தேனீ அதைத்தான் எடுக்கிறது. எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள், ஒருவருக்கும் இது தெரியாது! உடனே தோட்டத்துக்குப் போய் அந்தக் காம்பை மொபைலில் நெருக்கமாக எடுத்தோம், அதுவே ரீல். லேபிள் ஒல்லியானது, பின்பக்கம் தேன் உறைவது இயல்பு என்று ஒரு வரி சேர்ந்தது. சர்க்கரைப் பாகுக் கூட்டம் அதற்குப் பிறகு சர்க்கரையை விட்டுவிட்டு “அப்போ ரப்பர் பால் கலந்திருக்குமா?” என்று கேட்க ஆரம்பித்தது. அண்ணாச்சி தானே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறார். பால் பட்டைக்குள் ஓடுகிறது, இது இலைக் காம்பில் கசிகிறது, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று. நாங்கள் எழுதிக் கொடுக்கும் கேப்ஷனைவிட அந்தப் பதில்கள் நன்றாக இருக்கின்றன, பொறாமையாகக்கூட இருக்கிறது.

இரண்டாவது தோவாளை. 2025 மார்ச் கடைசியில் போட்டோவை ஏஐ-யில் ஜப்பானியக் கார்ட்டூன் சாயலுக்கு மாற்றும் ஜிப்லி படம் என்று ஒரு அலை அடித்ததே, அப்போது கம்பி, சிமெண்ட் விற்பவர்கூட தன் கடையை அப்படி மாற்றித் தரச் சொன்னார், மாற்றிக் கொடுத்தோம், ஒரே வாரத்தில் அவருக்கே அலுத்துப்போனது. அது கிடக்கட்டும். தோவாளையில் பூமாலை கட்டும் ஒரு குடும்பத்தில், மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த சந்தோஷத்தில் அந்த வீட்டுப் பேரன் ஏஐ-யில் ஒரு படம் செய்து அனுப்பியிருந்தான். பளபளவென்று உருண்டையான மாலை, செவ்வந்தியும் ரோஜாவுமாக. நிஜ மாணிக்க மாலை சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சி இலை இவற்றை மடித்து நெருக்கிக் கட்டுவது, பாய் முடைந்தது மாதிரி தட்டையாக இருக்கும். தாத்தா அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம் பேரனிடம் கேட்டார், “இதுல நாரு எங்க கூடிப் போவுது மக்கா? இத கையில எடுத்தா உதிர்ந்திரும்லா.”

எனக்கு அது போதுமாக இருந்தது. தாத்தா மாலை கட்டுவதை மேலிருந்து ஒரே ஷாட்டாக எடுத்தோம், டிரெண்டிங் பாட்டு எதுவும் சேர்க்காமல், பேரனை அவர் திட்டுவதை அப்படியே விட்டுவிட்டோம். அந்த மாதம் நாங்கள் போட்ட எதையும்விட அது அதிகம் ஓடியது. அந்த ஏஐ படம் அனுப்பப்படாமல் இருந்திருந்தால் அவர் வாயிலிருந்து இந்த நார் விஷயம் வந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு வந்த ஸ்கிரீன்ஷாட்களைச் சொல்லுங்கள்.

மறுமொழி – தக்கலைக்காரர்

எங்கள் ஊரில் எல்லாருடைய ஸ்கிரீன்ஷாட்டும் பத்மநாபபுரம் அரண்மனைதான். கல்யாணப் பத்திரிகை, ரிசார்ட், ஜவுளி, எதுவானாலும் அரண்மனை முகப்பு. ஒருமுறை ஒரு அம்மா தன் பொட்டிக் துணிக்கடைக்கு இதையே கேட்டார்கள், கூரையா, தூணா, எது வேண்டும் என்று கேட்டேன். “பூமுகத்துல தலைக்கு மேல மரத்துல பூ செதுக்கியிருக்கும்லா தம்பி, அதுதான்” என்றார்கள். பூமுகம் என்பது அரண்மனையின் முன்மண்டபம். அங்கே தொண்ணூறு விதப் பூ இருக்கிறது, ஒன்றுபோல் இன்னொன்று கிடையாது. நான் ஸ்கெட்ச் புக்கோடு போய் அண்ணாந்து பார்த்து வரைந்தேன், கழுத்து போய்விட்டது. அதில் சிலதை எளிதாக்கி துணிப் பைக்கும் டேக்குக்கும் பேட்டர்னாக வைத்தோம். ஃப்ரீபிக் என்ற ரெடிமேட் படத் தளத்தில் ‘சவுத் இந்தியன்’ என்று தேடினால் வரும் அதே யானை, அதே மாங்காய் வடிவத்திலிருந்து ஒரு கடையாவது தப்பித்தது. போகிறவர்கள் கவனிக்க: திங்கட்கிழமை விடுமுறை, கேமராவுக்குத் தனிக் கட்டணம்.

மறுமொழி – பிளக்ஸ் பிரிண்டிங் வைத்திருப்பவர், மார்த்தாண்டம்

ஏஜென்சி ஆட்கள் ஐடியாவைப் பற்றிப் பேசுவது நல்லாத்தான் இருக்கு, கடைசியில் கோப்பு என் கைக்குத்தானே வருது. இன்ஸ்டாகிராமுக்குச் செய்த 1080-க்கு 1350 படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பி, பத்துக்கு எட்டு அடி பிளக்ஸ் காலையில் வேணும் என்பீர்கள். வாட்ஸ்அப் அதை இன்னும் நசுக்கித்தான் தரும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், புண்ணியமாகப் போகும். இன்னொன்று எழுத்து. உங்களிடம் பாலு தம்பி, மீரா இனிமை என்று அழகான யூனிகோட் ஃபான்ட் இருக்கும், என் பழைய மெஷினில் அதே எழுத்து ‘கொ’ பிரிந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். எழுத்தை அவுட்லைன் செய்து, அதாவது வெறும் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கொடுத்தால் இந்தத் தொல்லை கிடையாது. எங்களுக்கும் ஸ்கிரீன்ஷாட் வரும், ஆனால் பைக்கை நிறுத்தி ரோட்டோர பேனரை எடுத்த போட்டோவாக வரும். அதில் பாதி நானே அடித்ததாக இருக்கும்!

மறுமொழி – களியக்காவிளை ஜவுளிக்கடைக்கு விளம்பரம் பார்க்கிறவர்

எனக்கு வந்தது சென்னைக் கடை ஒன்றின் மாத காலண்டர். எந்த நாள் எந்த போஸ்ட் என்று அழகாகப் போட்டிருந்தது. முதலாளி அதைப் பார்த்துவிட்டு “இதுல நம்ம விசேஷம் எங்கடே?” என்றார். ஓணத்துக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை, டிசம்பர் 3 கோட்டார் சவேரியார் திருவிழாவுக்கும் அப்படித்தான், கிறிஸ்துமஸுக்கு இங்கே தீபாவளி அளவுக்கு ஜவுளி போகும். சென்னைக்காரர் காலண்டரில் ஓணமும் இல்லை, கோட்டாரும் இல்லை. நாங்கள் தனியாக ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினோம். அப்புறம் கடையைச் சுற்றி இருபது கிலோமீட்டர் என்று மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரம் ஓட்டினால் கேரளப் பக்கத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் அதற்குள் வந்துவிடுகிறது. 1956 நவம்பர் 1-ல் இழுத்த மாநில எல்லையை அந்த வட்டம் மதிப்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வட்டத்தை வெட்டித் தரட்டுமா என்று கேட்டேன். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை, “அவங்கதான் ஓணத்துக்கு மொத்தமா எடுக்கதே” என்றார். இப்போது தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று இரண்டு விளம்பரம் போகிறது. மலையாளத்தில் போட்டதற்குத் தமிழில் விலை கேட்கிறார்கள், தமிழில் போட்டதற்கு “கட எவிடெயா சேட்டா?” (கடை எங்கே அண்ணா?) என்று மலையாளத்தில் வருகிறது. கடையில் துணி மடிக்கிற பிள்ளை இரண்டிலும் பதில் போடுகிறாள், அவளுக்கு அதற்காகத் தனியாகச் சம்பளம் போட்டுக் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.