லூசி ப்ரான்ஸால்தான் கோப்பை போச்சா? 29வது நிமிடம் பற்றி ஒரு சண்டை

செவ்வாய்ப்பேட்டை சார்: 2023 மகளிர் கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். சிட்னியில் ஸ்பெயின் 1, இங்கிலாந்து 0. இங்கிலாந்து தோற்றதற்கு ஒரே காரணம் அவர்களுடைய வலது ஓர வீராங்கனை லூசி ப்ரான்ஸ். தன் இடத்தை விட்டுவிட்டு நடுவில் ஓடினார், பந்தைப் பறிகொடுத்தார், 29வது நிமிடத்தில் கோல் விழுந்தது. இதில் பேச வேறொன்றும் இல்லை.

ஒண்டிக்கடை ரைட் பேக்: பேச நிறைய இருக்கிறது சார். இதே வரியை அன்றிலிருந்து ஆளாளுக்குச் சொல்லிக் கேட்டு எரிச்சலாகிவிட்டது. ப்ரான்ஸ் பந்தை விட்டது மைய வட்டத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஸ்பெயினின் அபெய்யேரா இடது பக்கம் திருப்பிவிட்டார். மரியோனா கால்டென்டே அதை வாங்கி, பின்னாலிருந்து ஓடிவந்த ஓல்கா கார்மோனாவுக்குத் தட்டிக்கொடுத்தார். கார்மோனா இடது காலால் தரையோடு தரையாக எதிர்மூலைக்கு அடித்தார். இவ்வளவும் நடக்கும்வரை மற்ற பத்துப் பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? கார்மோனாவைப் பிடிக்க வேண்டியது யார்?

செவ்வாய்ப்பேட்டை சார்: பிடிக்க வேண்டியவர்தான் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றார் அம்மணி. அதைத்தானே நானும் சொல்கிறேன்.

ஐந்து ரோடு அணி: ரெண்டு பேரும் இங்கிலாந்து இங்கிலாந்து என்றே பேசுகிறீர்கள். கோப்பையை ஜெயித்தது ஸ்பெயின். ஜப்பானிடம் 4-0 என்று அடி வாங்கிய அணி அது. அதற்கு முந்தின வருஷம் 15 வீராங்கனைகள் தேசிய அணிக்கு வரமாட்டோம் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். அத்தனையையும் தாண்டி வந்து ஜெயித்திருக்கிறார்கள். அவர்களுடைய பொன்மாட்டி, தொடரின் சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்து வாங்கினதை ஒருத்தராவது சொன்னீர்களா?

ஒண்டிக்கடை ரைட் பேக்: சொல்லலாம் தம்பி, இது முடியட்டும். சார், இங்கிலாந்து அன்றைக்கு மூன்று டிஃபெண்டர் வைத்து ஆடியது. வலது ஓரம் முழுக்க ப்ரான்ஸ் ஒருத்தர் பொறுப்பு. முன்னேயும் போகணும், பின்னேயும் வரணும். அந்த முறையில் விங் பேக், அதாவது ப்ரான்ஸ் மாதிரி ஓரத்து ஆள், உள்ளே போனால் வலது டிஃபெண்டர் ஓரத்துக்கு நகரணும், இல்லையென்றால் நடுவிலிருந்து ஒருத்தர் இறங்கணும். ஏற்காட்டில் நாங்கள் ஆடும்போது பனி இறங்கி எதிர் கோல் போஸ்டே தெரியாது. நான் மேலே ஏறினால் "போறேன்" என்று ஒரு சத்தம் கொடுப்பேன், பின்னாலிருந்து "வந்தாச்சு" என்று பதில் வரும். அந்தப் பதில் வராத அணியில் ஒருத்தியை மட்டும் பிடித்துக் குற்றவாளி ஆக்குவது அநியாயம்.

செவ்வாய்ப்பேட்டை சார்: ஏற்காட்டுப் பனியை சிட்னிக்கு எதற்குக் கொண்டுபோகிறாய்? ப்ரான்ஸ் இடத்தில் இல்லை. 29வது நிமிடம். இல்லை.

அழகாபுரம் கோலி: அந்த பெனால்டியைப் பற்றிப் பேச ஆளே இல்லையா? இங்கிலாந்தின் கீரா வால்ஷ் கையில் பந்து பட்டது என்று வீடியோ நடுவர் (VAR) பார்த்து, நடுவர் டோரி பென்சோவும் திரையில் போய்ப் பார்த்துக் கொடுத்தார். ஸ்பெயினின் எர்மோசோ அடித்த பந்தை இங்கிலாந்து கோலி மேரி எர்ப்ஸ் இடப்பக்கம் விழுந்து அப்படியே கையில் பிடித்தார். சிறந்த கோலிக்கான தங்கக் கையுறை அவருக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஆனால் அதெல்லாம் ஹேண்ட்பாலே இல்லை.

ஐந்து ரோடு அணி: ஹேண்ட்பாலேதான். கை விரிந்திருந்தது.

அழகாபுரம் கோலி: நீங்கள் முழு ஆட்டம் பார்த்தீர்களா, ஹைலைட்ஸ் பார்த்தீர்களா? யூரோ (ஐரோப்பியக் கோப்பை) சமயத்திலும் இப்படித்தான் பாதி பார்த்துவிட்டு வந்து சண்டை போட்டீர்கள்.

ஐந்து ரோடு அணி: ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு உட்கார்ந்து, கூடுதலாகக் கொடுத்த 13 நிமிடமும் சேர்த்துத்தான் பார்த்தேன். எனக்குப் பாடம் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை சார்: நம் ஊர்ப் பெண்கள் ஆடினால் இதில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீர்கள். தமிழ்நாடு 2018ல் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து தேசியக் கோப்பை வாங்கினது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

ஒண்டிக்கடை ரைட் பேக்: இருக்கிறது சார். 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்ததும் ஞாபகம் இருக்கிறது, அதுவும் 2-1. பேச்சை மாற்றாதீர்கள். இதே ப்ரான்ஸ்தான் 2025 யூரோ முழுக்கக் கால் எலும்பில் முறிவோடு ஆடினார். பாசல் இறுதி ஆட்டத்தில் இதே ஸ்பெயினை பெனால்டியில் 3-1 என்று ஜெயித்தார்கள். அப்போது "ப்ரான்ஸால்தான் கோப்பை வந்தது" என்று ஒரு வரி எழுதினீர்களா? தோற்றால் மட்டும் ஒருத்தி பெயர் வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை சார்: அந்தத் தைரியத்துக்கு நானும் தலை வணங்குகிறேன். அதனால் 29வது நிமிடம் மாறிவிடுமா?

ஐந்து ரோடு அணி: அந்த பாசல் ஆட்டத்தில் கால்டென்டே அடித்த கோலைப் பற்றியும் யாரும் பேசுவதில்லை.

அழகாபுரம் கோலி: இங்கிலாந்து கோலி ஹானா ஹாம்டன் ரெண்டு பெனால்டி பிடித்ததைப் பற்றியும்தான். பிடித்ததில் ஒன்று அதே கால்டென்டே அடித்தது.

ஐந்து ரோடு அணி: கோலி சார், உங்களுக்கு கையுறை போட்டவர்கள் மட்டும்தான் கண்ணில் படுவார்கள்.

ஒண்டிக்கடை ரைட் பேக்: சார், வீடியோவைக் கோலுக்குப் பத்து வினாடி முன்னால் நிறுத்துங்கள். இங்கிலாந்தின் வலது டிஃபெண்டர் கார்ட்டர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை சார்: நிறுத்திப் பார்த்தாச்சு. ப்ரான்ஸ் எங்கே?

ஒண்டிக்கடை ரைட் பேக்: நான் கேட்டது கார்ட்டர்.